ஒன்றேகால் மில்லிகிராம்

நான் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருஷமாகப் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். விடை தப்பாக வந்தால் விடையைத் திட்டாதே, முதல் வரியிலிருந்து திரும்பப் பார் என்று அவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். என் சொந்தத் தலைக்குள் ஒரு கணக்கு நாலு மாதம் தப்பாக வந்துகொண்டிருந்தபோது நான் முதல் வரியைப் பார்க்கவில்லை. என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பொதுத்தேர்வு ஹாலில் மேற்பார்வைக்கு நின்றபோதுதான் முதலில் அது வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் மரத்தது, இதோ விழப்போகிறேன், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, "டீச்சருக்கு ஹார்ட் நல்லா இருக்கு" என்று அனுப்பிவைத்தார்கள். அதற்கப்புறம் மாதத்தில் நாலு தடவை அப்படி வந்து, கடைசியில் மனநல மருத்துவர் காந்திமதிநாதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். கூடவே என் வீட்டுக்காரர் பாக்கியசீலனும் வந்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆட்டோவில் போகும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் நிதானமான மனிதர். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ரெண்டு மாத்திரை தாரேன் டீச்சர். காலையில போடுறது பதற்றத்துக்கு. அது பிடிக்க ஒரு மாசம் போல ஆகும். அதுவரைக்கும் தாங்குதலுக்கு ராத்திரி ஒண்ணு, ஒரு மில்லிகிராம். இந்த ராத்திரி மாத்திரை கொஞ்சம் பொல்லாதது. உடம்பு அதைச் சீக்கிரம் பழகிக்கிடும். நாமளா திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும், நாமளா கூட்டவும் கூடாது. வேற எந்த டாக்டர் எந்த மாத்திரை தந்தாலும் எங்கிட்ட சொல்லணும். நல்லா ஆனதும் இதை மட்டும் கால் காலா குறைப்போம்."

நல்லாவும் ஆனேன். ஒரு வருஷம் கழிந்து இந்த ஜூலை மாதம் குறைக்க ஆரம்பித்தோம். ஒன்று, முக்கால், அரை, கால். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதம். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் அன்றைய அளவை எழுதி வட்டம் போடுவேன். எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பாக்கியசீலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவியில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அது பகலில். மற்ற நேரமெல்லாம் சபைக்காரர். எங்கள் கோயில் கமிட்டிக்குச் செயலாளர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பதும், ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளைப் பிரித்து யார் எதற்காகப் படைத்திருக்கிறார்கள் என்று வாசிப்பதும் அவர்தான். மகனுக்கு வேலை கிடைத்தது, மருமகளுக்குச் சுகப்பிரசவம், பசுமாடு திரும்பி வந்தது என்று என்ன இருந்தாலும் அந்தக் குரலில் கேட்டால் மனசு குளிர்ந்துவிடும். அந்தக் குரலுக்காகத்தான் நானும் கழுத்தை நீட்டினேன்.

அதே ஜூலையில் எங்கள் கோயிலில் அசனப் பண்டிகை. சபையெல்லாம் சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். சாப்பாட்டுக்கு முன்னால், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பிச் சொல்லலாம். இவர் எழும்பினார்.

"என் மனைவி கெசியா டீச்சர் ஒரு வருஷமா மாத்திரை இல்லாம தூங்க முடியாம இருந்தா. நான் பொருத்தனை பண்ணி ஜெபிச்சேன். இன்னைக்கு கர்த்தர் அவளுக்குப் பூரண விடுதலை கொடுத்திருக்காரு. மாத்திரை இல்லாம உறங்குதா."

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் முக்கால் மில்லிகிராமில் இருந்தேன். கால் குறைந்ததை முழுதும் போனதாக அறிவித்துவிட்டார். அதோடு நான் என்ன மாத்திரை தின்கிறேன் என்பது எங்கள் பகுதியான சமாதானபுரம் முழுக்கத் தெரிந்துபோனது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன்.

"விசுவாசத்துல சொன்னேம்ட்டி. எப்படியும் நிக்கத்தான போவுது" என்றார்.

அடுத்த வாரம் அவருடைய விசுவாசத்துக்குச் சோதனை வந்தது. அளவு குறைந்ததில் எனக்கு உறக்கம் வரவில்லை, கை நடுங்கியது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான், பத்து நாளில் அடங்கும் என்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகம் என் கையில் நடுங்குவதை இரண்டு பெண்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை இவர் பார்த்தார்.

அந்த வாரத்திலிருந்து இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் எனக்குப் பால் காய்ச்சிக் கொண்டுவர ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர். மஞ்சள், மிளகுத்தூள், பனங்கற்கண்டு எல்லாம் போட்டு, ஆற்றி, கையில் தருவார். முழுதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு கணக்கு நடத்துகிற ரீபா டீச்சரிடம் சொல்லிப் பெருமைகூட அடித்தேன். முதல் வரி அதுதான். அதைத்தான் நான் பார்க்காமல் விட்டேன்.

இரண்டே நாளில் உறக்கம் வந்துவிட்டது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். ஆகஸ்டில் அரை, செப்டம்பரில் கால். எண் குறையக் குறைய எனக்குத் தெளிச்சி கூட வேண்டும், இல்லை நடுக்கம் கூட வேண்டும். இரண்டும் இல்லாமல் தூக்கம்தான் மிஞ்சியது. காலையில் எழும்பினால் தலை களிமண்ணாகக் கிடந்தது. நாக்கு தடித்துப் பேச்சு இழுத்தது. இதற்கு நடுவில் தோள்வலிக்கு எலும்பு டாக்டர் ஒரு நரம்பு மாத்திரை எழுதினார். அதைக் காந்திமதிநாதன் டாக்டரிடம் போனில் சொன்னேன்.

"அதுவும் தூக்கம் தாற மாத்திரைதான் டீச்சர். நீங்க இப்போ கால் மில்லிகிராம்லதான இருக்கிய, அதனால சின்ன அளவுல போடலாம். பழைய அளவுல இருந்திருந்தா சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அதைப் போட ஆரம்பித்த ஒரு வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை வரை என்னை எழுப்ப முடியவில்லையாம். கண் விழித்துப் பார்த்தால் கட்டில் பக்கத்தில் எங்கள் ஐயர் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் கோயில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் டாக்டருக்குப் போன் போடாமல் ஐயருக்கு ஏன் போட்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பத்தாம் வகுப்பு பி பிரிவில் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். ஜாய்சி என்று முன் பெஞ்சுப் பிள்ளை, மரியாதையான பிள்ளை, தயங்கித் தயங்கி எழும்பினாள்.

"டீச்சர், ஒரே வரியை மூணு தடவை எழுதிட்டிய."

திரும்பிப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரி, ஒரே வரி. நாற்பது பிள்ளைகளும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அன்று மாலை மாடிப்படியில் கால் தவறி ஆறு படி உருண்டேன். எலும்பு முறியவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனோம். மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தார், காலண்டர் தாளையும் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"டீச்சர், சங்கடப்படக் கூடாது. வேற எங்கயும் வாங்கிப் போடுதியளா? இல்லன்னா, போட்டதை மறந்து திரும்பப் போடுத மாதிரி எதுவும்..."

"இல்ல டாக்டர்" என்றேன். அப்போதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து அந்தக் குரல் வந்தது. மனசைக் குளிரவைக்கிற குரல்.

"அப்படியும் இருக்கலாம் டாக்டர். இப்பம் அவளுக்கு மறதி கூடிட்டு. சாவியை வச்ச இடம் தெரியாம தேடுதா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை யார்தான் தேடவில்லை? ஆனால் அந்த நிமிஷம் நான் அவரை நம்பினேன், என்னை நம்பவில்லை. என் அம்மாவுக்குக் கடைசியில் பிள்ளைகள் பெயரே மறந்துபோயிற்று. எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு செய்தேன். டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்க எழுதித் தந்தார், அதுவரை கால் மில்லிகிராமிலேயே நிற்கச் சொன்னார். அதே வாரம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பொதுத்தேர்வு வருஷம், பிள்ளைகள் வாழ்க்கை, கோபப்படாதீர்கள் என்று சொல்லிப் பத்தாம் வகுப்பை வாங்கி ரீபா டீச்சர் கையில் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு வகுப்பைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஸ்கேனுக்குப் போகும் முன்னால் ஒரு நோட்டு போட்டேன். மறதிக்காரிக்கு நோட்டுதானே துணை. காலையில் எழும்பின நேரம், தலைப் பாரம் பத்துக்கு எத்தனை, எல்லாம் குறித்தேன். மூன்று வாரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒன்று கண்ணில் பட்டது. செவ்வாய் எட்டு, புதன் எட்டு, வியாழன் எட்டு. திங்கள் மட்டும் ஐந்து. மூன்று திங்களும் ஐந்து.

ஞாயிறு இரவில் என்ன வித்தியாசம்? மாத்திரை அதேதான். சாப்பாடு அதேதான். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம் முடிந்து இவர் வர நேரமாகும், நான் முன்னாலேயே படுத்துவிடுவேன். ஞாயிறு மட்டும் பால் கிடையாது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் நான் அவரைச் சந்தேகப்படவில்லை. பாலில் ஏதோ கலப்படம் என்று பால்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதே பாலில்தான் காலையில் காப்பி குடிக்கிறேன். பிறகு மஞ்சள்தூள், பிறகு பனங்கற்கண்டு. ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக்கொண்டே வந்தேன். மிச்சம் நின்றது ஒன்றுதான்.

இவருடைய வேதாகமம் ஜிப் வைத்த கருப்பு உறைக்குள் இருக்கும். அதை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. மரியாதைதான், வேறொன்றும் இல்லை. இவர் குளிக்கப் போன நேரம் திறந்தேன். பின்பக்கப் பையில் டாக்டர் முதன்முதலில் எழுதிய பழைய சீட்டு, ஒரு மில்லிகிராம் சீட்டு, நாலாக மடித்து இருந்தது. அதோடு கத்தரியால் பெயரை வெட்டிக் களைந்த ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஏழு காலி.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். சாப்பாட்டு மேஜையில் அட்டையை வைத்திருந்தேன். ஒரு பொய்கூடச் சொல்ல வரவில்லை அவருக்கு.

"எப்பம் இருந்து?" என்று கேட்டேன்.

"அசனம் முடிஞ்சு அடுத்த வாரத்துல இருந்து."

"தினமும் ஒண்ணா?"

"பொடிச்சுப் போடுவேன். டாக்டர் உனக்கு எழுதின மாத்திரைதான கெசியா, வேத்து மருந்தா? சேரன்மாதேவியில நம்ம ஞானசிகாமணி கடையில சீட்டைக் காட்டித்தான் வாங்குனேன்."

"எதுக்குங்க?"

உட்கார்ந்தார். "நான் சபையில சாட்சி சொல்லிட்டேன். நீ நடுங்கிட்டு நிக்குத. பாத்தவங்க எல்லாம் என்ன நெனப்பாங்க? கர்த்தர் செய்யலன்னுல்லா ஆவும். அவரு நாமத்துக்கு ஒரு இழுக்கு வரப்படாதுன்னுதான்."

கடவுளைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு இரவும் முழங்கால் போட்டு, 'மாத்திரை இல்லாமல் இவளுக்கு உறக்கம் தருகிற கிருபைக்காக' என்று வாய்விட்டு ஜெபம் பண்ணிவிட்டு, ஆமென் சொன்ன கையோடு எழும்பிப் போய் மாத்திரையைப் பொடித்திருக்கிறார்.

"பாலைக்கூட விடுங்க. பயத்துல போட்டிய. ஆனா அன்னைக்கு டாக்டர் ரூம்ல எனக்கு மறதின்னு சொன்னியளே, அது எப்படிங்க வாயில வந்துச்சு? பத்தாம் கிளாஸைப் பிடுங்குனாவ, நான் அழுதுட்டு வந்து நின்னேன். அன்னைக்கு ராத்திரியும் பால் தந்தியளே."

அவர் அட்டையை எடுத்துக் கசக்கி, சமையலறைக் குப்பை வாளியில் போட்டார். "இன்னையோட முடிஞ்சு. வேதத்து மேல சத்தியம்" என்றார்.

வாளிக்குள் கையை விட்டு, வெங்காயத் தோலைத் தள்ளி, நான் அதை வெளியே எடுத்துத் துடைத்தேன். "நாலு மாசமா உள்ள போனதை ஒரே நாள்ல நிறுத்துனா என்ன ஆவும்னு தெரியுமா? வலிப்பு வரும். டாக்டர் சொல்லும்போது நீங்களும் பக்கத்துலதான இருந்திய. மறதி யாருக்கு?"

மறுநாள் டாக்டரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிதானமான அந்த மனிதருடைய முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க குறைக்கவே இல்ல டீச்சர். கூட்டியிருக்கிய. உங்க காலும் அவரு ஒண்ணும் சேர்ந்து ஒண்ணேகால். அது தெரியாம தோள் மாத்திரைக்கு வேற நான் சரின்னு சொல்லிட்டேன். ரெண்டும் சேர்ந்தா மூச்சே மட்டுப்படும். அந்தச் சனிக்கிழமை எழுப்ப முடியலன்னு இன்னைக்குத்தான் சொல்லுதிய. அன்னைக்கு நீங்க எழும்பினது பெரிய காரியம்."

டாக்டர் புதிதாக ஒரு தாளில் எழுதினார். தோள் மாத்திரையை முதலில் குறைத்து நிறுத்துவது. ராத்திரி மாத்திரை அதே ஒன்றேகால், இனி என் கையால், எனக்குத் தெரிந்து. தோள் மாத்திரை போனபிறகு, ஒன்றேகாலிலிருந்து மறுபடி பைய கீழே இறங்குவது. ஸ்கேன் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

"உங்களுக்கு மறதி இல்ல டீச்சர். மூணு வாரம் குறிச்சுக் கண்டுபிடிச்சிருக்கிய. என்னால கண்டுபிடிக்க முடியல" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒரே ஒன்று கேட்டேன். சபையில் சொன்னதைச் சபையில் திருத்துங்கள். தலைமையாசிரியை நம் கோயில்தான், அவர் காதிலும் விழட்டும். பாலைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். 'கெசியா இன்னும் மாத்திரை போடுகிறாள், அவளுக்கு மறதி கிடையாது, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.' இவ்வளவு போதும். சரி என்றார். ஒரு ஞாயிறு போயிற்று. இரண்டாவது ஞாயிறும் போயிற்று. "எப்படிட்டி அத்தனை பேர் முகத்துலயும் முழிக்க?" என்றார். என் முகத்தில் தினமும் எப்படி முழித்தார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஒரு காணிக்கை உறை எடுத்தேன். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு, நாலு வரி. தட்டு வந்தபோது மற்றவர்களைப் போலப் போட்டேன்.

பாக்கியசீலன் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். பேரனுக்கு ஞானஸ்நானம். வெளிநாட்டு மகன் சுகமாக வந்து சேர்ந்தது. பிறகு என் உறை. சீட்டைப் பார்த்ததும் குரல் நின்றது. பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் நான் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படித்துவிடுவார் என்று, சத்தியமாக, அந்தக் கடைசி நிமிஷத்திலும் நான் நம்பினேன்.

"பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரி, பெற்றுக்கொண்ட சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று அதே குளிர்ந்த குரலில் வாசித்து, சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த உறையை எடுத்தார்.

நான் எழும்பி நின்றேன். நெஞ்சு, தேர்வு ஹாலில் அடித்த மாதிரியே அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

"ஐயர், அந்தச் சீட்டு என்னோடது. எழுதியிருக்கது வேற" என்றேன். கோயில் முழுக்கத் திரும்பியது. வகுப்பில் பேசுகிற குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"பாக்கியசீலன் மனைவி கெசியா. இன்றைக்கும் நான் ராத்திரி ஒன்றேகால் மில்லிகிராம் மாத்திரையில்தான் உறங்குகிறேன். டாக்டர் சொன்னபடி இனி அதைக் குறைப்பேன். எனக்கு மறதி இல்லை என்று தெரிந்ததற்காக ஸ்தோத்திரம்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். அவர் கையில் அடுத்த உறை பிரிக்காமல் இருந்தது.